அண்ணனுக்குக் கொடுத்த கண்ணாடி

பம்பரம் என்று அவளுக்குப் பெயர் வைத்தது அண்ணன்தான். ஐந்து வயதில் வைத்த பெயர் நாற்பத்தாறு வயதிலும் அப்படியே பொருந்துகிறது. அவள் உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சமையலறைக்கும் ஜன்னலுக்கும் நடப்பாள். பேருந்தில் இடம் கிடைத்தாலும், இறங்குவதற்கு இரண்டு நிறுத்தம் முன்பே எழுந்து கதவருகே போய் நின்றுகொள்வாள். அவளோடு தொலைபேசியில் பேசுகிறவர்களுக்கு எப்போதும் பின்னணியில் செருப்புச் சத்தம் கேட்கும்.

வேலை, தெரு முக்கில் இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில். இருபத்திரண்டு வருடம். உள்ளறையில் கண் பரிசோதகர் அம்மாள் எழுத்துகளைப் படிக்கச் சொல்லி பவர் எழுதி அனுப்புவார். அந்தச் சீட்டோடு வெளியே வருகிறவர் பம்பரத்தின் மேசைக்கு வந்து மாட்டிக்கொள்வார். மாட்டிக்கொள்வார் என்று சும்மா சொல்லவில்லை. பிரேமைக் கண்ணில் காட்டுவதற்கு முன்னால் அவள் ஒரு விசாரணை வைப்பாள்.

"காலையில எழுந்ததுல இருந்து படுக்கிற வரைக்கும் உங்க ஒரு நாளைச் சொல்லுங்க. எங்க நிப்பீங்க, எங்க உக்காருவீங்க, எவ்வளவு நேரம் வெயில்ல இருப்பீங்க, எத்தனை தடவை உள்ள வெளிய போவீங்க, எல்லாம் சொல்லுங்க."

முதலாளி கல்லாவிலிருந்தே தலையில் அடித்துக்கொள்வார். "ஏம்மா, கண்ணாடி விக்கிறியா, மாப்பிள்ளை பாக்குறியா?"

"மாப்பிள்ளை சரியில்லன்னா பொண்ணு மட்டும்தான் அழும். லென்ஸ் சரியில்லன்னா வாங்கினவரு வந்து உங்களைத் திட்டுவாரு" என்பாள். முதலாளி மறுபடி சில்லறையை எண்ணத் தொடங்குவார்.

கடையில் இருக்கும் லென்ஸ்களிலேயே அவளுக்குச் செல்லம், வெயிலில் கறுக்கும் லென்ஸ்தான். அதைப் பற்றிக் கேட்டால் போதும், வாடிக்கையாளரைக் கையோடு கடை வாசலுக்கே இழுத்துப் போய்விடுவாள். லென்ஸின் மேல் ஒரு சின்னச் சாவியை வைத்து வெயிலில் காட்டுவாள். ஒரு நிமிடம் கழித்துச் சாவியை எடுத்தால், கறுத்த லென்ஸின் நடுவே சாவி மட்டும் வெளிறிப்போய் அச்சாக விழுந்திருக்கும். பெரிய மனிதர்கள்கூடக் குழந்தை மாதிரி சிரிப்பார்கள்.

"இதுக்குள்ள கண்ணுக்கே தெரியாத பொடிசா ஒரு மருந்து இருக்கு. வெயில்ல புற ஊதாக் கதிர்னு ஒண்ணு வருதில்ல, அது பட்டா அந்த மருந்து உருமாறி வெளிச்சத்தைக் குடிச்சுக்கும். கதிர் நின்னா பழையபடி ஆயிடும். அதுக்கு அந்தக் கதிர்தான் வேணும். வீட்டுக்குள்ள ஆயிரம் லைட்டு போட்டாலும் அது அசையாது."

வீடு வீடாக நடக்கும் தபால்காரப் பெண்ணுக்கு அதைத்தான் கொடுத்தாள். விளையாட்டு மைதானத்துக்கும் வகுப்புக்கும் ஒரே கண்ணாடியோடு ஓடும் பிள்ளைகளுக்கும், வெளிச்சம் பட்டாலே கண் கூசுகிறவர்களுக்கும் அதையே கொடுத்தாள். ஆனால் ஆள் பார்த்துத்தான் கொடுப்பாள். ஒருமுறை வேறு கடையில் அதை வாங்கியிருந்த டாக்சிக்காரர் ஒருவர் ஆவேசமாக வந்தார். "வெயில் மூஞ்சில அடிக்குது, இது கறுக்கவே மாட்டேங்குது, ஏமாத்திட்டாங்க" என்றார்.

"ஏமாத்தல. உங்ககிட்ட கேக்கல, அவ்வளவுதான்" என்றாள் பம்பரம். "வண்டியோட முன் கண்ணாடியே அந்தக் கதிரைத் தடுத்துடும். அப்புறம் இது எப்படி கறுக்கும்? உங்களுக்குச் சாதாரண கறுப்புக் கண்ணாடிதான் சரி."

மலைக்குச் சுற்றுலா போகக் கிளம்பிய ஒரு தம்பதியிடம் அதற்கு நேர்மாறாக எச்சரித்தாள். "குளிர்ல இது இன்னும் நல்லா கறுக்கும். ஆனா தெளியிறதுக்கு ரொம்ப நேரம் எடுத்துக்கும். பனியில இருந்து அறைக்குள்ள போன உடனே படி இறங்காதீங்க."

இத்தனை தெரிந்தவள். ஊருக்கெல்லாம் கேள்வி கேட்டவள். சொந்த அண்ணனின் ஐம்பதாவது பிறந்த நாளுக்கு அதே லென்ஸைப் போட்டுக் கொடுத்தபோது மட்டும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? பவர் கடைப் பதிவேட்டிலேயே இருக்கிறது. கொஞ்சம் தூரத்தில் இருப்பதெல்லாம் அவனுக்கு மங்கல். சின்ன வயதிலிருந்தே கனமான கண்ணாடி. வேலை, ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய சரக்குக் கிடங்கின் திறந்தவெளி யார்டில். லாரிகளுக்குக் கை காட்டி நிறுத்தி, ஏற்றுவதையும் இறக்குவதையும் பார்க்கும் மேஸ்திரி. இருபது வருடமாக வெயிலில் நின்று நின்று கண்ணைச் சுருக்கியே முகத்தில் கோடு விழுந்துவிட்டது. அவனுக்கு இல்லாமல் வேறு யாருக்கு இந்தக் கண்ணாடி?

"வெளிய போனா கறுக்கும், உள்ள வந்தா ரெண்டு மூணு நிமிஷத்துல தெளிஞ்சிடும். நீ கழட்டவே வேணாம்" என்று மாட்டிவிட்டாள்.

"அப்ப கழட்டவே மாட்டேன்" என்றான் அண்ணன். சொன்னால் சொன்னபடி செய்கிற ஆள் அவன். அதுதான் வினையாகப் போயிற்று.

இரண்டு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலையில் கடை திறந்ததும் திறக்காததுமாக அண்ணன் வந்து நின்றான். முதல் நாள் ஞாயிற்றுக்கிழமையும் அவள் வீட்டுக்கு வந்திருந்தான். சுவரைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக ஏறி வந்தான். "சும்மாதான் வந்தேன்" என்று தண்ணீர் குடித்தான், இறங்கினான், கைக்குட்டையை விட்டுவிட்டேன் என்று திரும்பவும் ஏறி வந்தான். வயசாகிறது என்று அவள் கேலி செய்திருந்தாள்.

இப்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான். "வேலையில கண்ணு இருட்டுது பம்பரம். எதிர்ல இருக்கிறது நிழல் மாதிரிதான் தெரியுது. அப்பாவுக்கு வந்ததுதான் எனக்கும் வந்திருக்கு."

அப்பாவுக்குக் கண் அழுத்த நோய். யாருக்கும் தெரியாமல் வந்து, தெரிந்தபோது முக்கால் பார்வை போயிருந்தது. கடைசி ஆறு வருடம் சுவரைத் தடவித்தான் நடந்தார். அவள் கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்ததே அதனால்தான் என்றுகூடச் சொல்லலாம்.

"எப்ப இருட்டுது? எங்க நிக்கும்போது?"

"யார்டுலதான். வேற எங்க நிக்கப் போறேன்?" அண்ணன் அவளைப் பார்க்காமல் பிரேம் அலமாரியைப் பார்த்துச் சொன்னான். "பதினோரு மணிக்கு மேல ஆரம்பிக்குது. சாயங்காலம் ஆனா பரவாயில்ல."

"கண்ணாடியைக் கழட்டிப் பாத்தியா?"

"கழட்டினா எனக்கு என்ன தெரியும்? அப்பவும் மங்கல்தான்." மூக்கில் சரிந்த கண்ணாடியை ஏற்றிவிட்டான். "போன வாரம் பெட்டி அடுக்கு ஒண்ணு சாஞ்சிடுச்சு. என் தப்புதான். பக்கத்துல ஒரு அம்மா ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டு இருந்தாங்க. ஒரு சாண் தள்ளி விழுந்துச்சு. வெள்ளிக்கிழமை எழுதிக் குடுத்துடப் போறேன், எனக்கு வேலை வேணாம்னு. யாரையாவது கொன்னுட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட முடியாது."

அவன் மகளுக்குப் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருடம் இருந்தது. இந்த வேலையை விட்டால் ஐம்பது வயதில் வேறு வேலை யார் தருவார்கள்? அதுவும் கண் தெரியாதவன் என்று பெயர் வாங்கிக்கொண்டு.

பரிசோதகர் அம்மாள் கண்ணைத் துருவித் துருவிப் பார்த்தார். பவர் மாறவில்லை, அழுத்தம் சரியாக இருந்தது, கண்ணின் பின்பக்கமும் நன்றாகவே தெரிந்தது. "ஆனா உங்கப்பாவுக்கு இருந்திருக்கு. பக்கப் பார்வையை அளக்கிற மெஷின் என்கிட்ட இல்ல, பெரிய ஆஸ்பத்திரியில எடுத்துடுங்க" என்று கடிதம் எழுதினார். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கழித்துத்தான் தேதி கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமைக்கு நான்கு நாள்தான் இருந்தது.

அன்றிலிருந்தே அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாதாரண நாளிலேயே நிற்காதவள், இப்போது கடைக்குள் குட்டி போட்ட பூனையாகச் சுற்றினாள். செவ்வாய்க்கிழமை ஒருவருடைய வலது லென்ஸை இடது பக்கத்தில் மாட்டிவிட்டாள். அவர் இரண்டடி நடந்து, "தரை மேல வருதும்மா" என்றார். இருபத்திரண்டு வருடத்தில் நடக்காத தவறு. முதலாளி திட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்கு ஓடினாள். அண்ணன் வந்திருக்கவில்லை. அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வந்தியா? நல்லதாப் போச்சு. உங்க அண்ணனுக்கு என்னமோ ஆயிடுச்சு" என்றாள் அண்ணி. "ஒரு மாசமா வீட்டுக்குள்ள கண்ணை மூடிக்கிட்டு நடக்கிறார். கட்டில்ல இருந்து வாசல், வாசல்ல இருந்து அடுப்படி. வாய் முணுமுணுங்குது. கேட்டா தியானமாம். நடந்துக்கிட்டே பண்ற தியானம் எந்த ஊர்ல இருக்கு? முந்தாநாள் பீரோவுல முட்டிக்கிட்டு நெத்தி வீங்கிருச்சு."

திங்கட்கிழமை கடையை விட்டுப் போகும்போது அண்ணன் வாங்கிக்கொண்ட வாக்கு பம்பரத்துக்கு நினைவுக்கு வந்தது. அண்ணியிடம் சொல்லக் கூடாது. "நல்ல தியானம்தான் அண்ணி, உடம்புக்கு நல்லது" என்று வாய்க்கு வந்ததை உளறிவிட்டு வெளியே வந்து, பேருந்துக்கு நிற்காமல் வீடு வரைக்கும் நடந்தாள்.

நடக்கும்போதெல்லாம் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. பதினோரு மணிக்கு மேல் இருட்டு, சாயங்காலம் தெளிவு. எந்த நோய் கடிகாரம் பார்த்து வருகிறது? அப்பாவுக்குப் போன பார்வை ஒரு நாளும் சாயங்காலம் திரும்பி வந்ததில்லையே. கண்ணாடியையும் ஒரு கணம் சந்தேகப்பட்டாள். ஆனால் யார்டில் நிற்கிறவனுக்கு அது கறுக்கத்தானே வேண்டும், அந்த வெயிலில் கறுத்தாலும் எல்லாம் தெரியுமே என்று தானே அதைத் தள்ளிவிட்டாள்.

புதன்கிழமை முழுக்க ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசியில் தொல்லை கொடுத்தாள். ஏழாவது முறை எடுத்த பெண்மணி குரலை அடையாளம் கண்டுகொண்டு, "நீங்க தூங்கவே மாட்டீங்களா? வியாழக்கிழமை நாலு மணிக்கு ஒருத்தர் வரல, அந்த நேரத்துக்குக் கூட்டிட்டு வாங்க" என்றார். பம்பரத்துக்குத் தலைகால் புரியவில்லை. வியாழன் மதியம் கடையில் சொல்லிவிட்டு, கடிதத்தையும் எடுத்துக்கொண்டு நேராகக் கிடங்குக்கே போய்விட்டாள்.

உச்சிவெயில். சிமெண்டுத் தரை கண்ணைப் பறித்தது. லாரிகள் வரிசையாக நின்றன. கை காட்டிக்கொண்டிருந்தவன் யாரோ ஓர் இளைஞன். அண்ணனைக் காணவில்லை. வாசல் காவலாளியிடம் விசாரித்தாள்.

"யார்டு மேஸ்திரியா? அவர் யார்டை விட்டே அஞ்சு மாசம் ஆச்சேம்மா" என்றார் காவலாளி. "ஆள் குறைச்சாங்க இல்ல, அப்ப மாத்திட்டாங்க. இப்ப குளிர் கிடங்குல பெட்டி தூக்குற வண்டி, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறார். வீட்ல சொல்லலையா?"

சொல்லவில்லை. மேஸ்திரியாக இருந்தவன் வண்டி ஓட்டப் போனதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம் சொல்லவில்லை, தங்கையிடமும் சொல்லவில்லை. அவள் ஐந்து மாதமாகத் தெரியாமல் இருந்தாள், அதில் இரண்டு மாதம் அவன் முகத்தில் அவள் மாட்டிய கண்ணாடி இருந்தது.

காவலாளி கை நீட்டிய பக்கம் பார்த்தாள். ஒரு லாரியின் பின்னால் ஃபோர்க்லிஃப்ட் நின்றது. கூரை கம்பிதான், சுற்றிலும் திறப்பு. தடித்த ஜாக்கெட்டும் கையுறையும் தலையை மூடிய குல்லாவுமாக அண்ணன் உட்கார்ந்திருந்தான். உச்சிவெயில் முகத்தில் அடித்தது. கண்ணாடி தார் மாதிரி கறுத்திருந்தது. பெட்டி அடுக்கை இரும்புக் கைகளில் தூக்கிக்கொண்டு, தொங்கும் பிளாஸ்டிக் பட்டைகளைத் தள்ளிக்கொண்டு, வெள்ளைப் புகை கசியும் இருட்டுக்குள் போய்விட்டான்.

மலைக்குப் போன தம்பதியிடம் சொன்னது அவள் காதிலேயே கேட்டது. குளிரில் இன்னும் கறுக்கும், தெளிய ரொம்ப நேரமாகும். உள்ளே உறையும் குளிர். தெளிவதற்குள் அடுத்த பெட்டிக்கு வெளியே வந்துவிடுவான், மறுபடியும் வெயில் கறுக்க வைக்கும். பதினோரு மணியிலிருந்து வெயில் சாயும் வரைக்கும் இதேதான். அவன் கண்ணுக்கு ஒன்றுமில்லை. அவள்தான் அவனைக் குருடாக்கியிருந்தாள்.

ஓடினாள். "ஏம்மா, அங்க போகக் கூடாது" என்று காவலாளி கத்தியது பின்னால் தேய்ந்தது. பட்டைகளை விலக்கிக்கொண்டு நுழைந்ததும் குளிரில் பல் கிட்டியது. உயரமான அடுக்குகளுக்கு நடுவே விளக்குகள் மங்கலாக எரிந்தன. அண்ணன் வண்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொண்டிருந்தான். கழுத்தை முன்னால் நீட்டி, ஸ்டியரிங்கின் மேல் கவிழ்ந்து, ஒவ்வொரு அடிக்கும் ஹாரன் அடித்துக்கொண்டு போனான். சற்றுத் தள்ளி ஒரு பெண் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஹாரன் கேட்டதும் அவள் அவசரமாக ஓர் ஓரம் ஒதுங்கினாள். பழகிப்போன ஒதுங்கல்.

"அண்ணா, நிறுத்து! நிறுத்து!"

வண்டி குலுங்கி நின்றது. பத்தடி தூரத்தில், அவனுக்கு நேர் எதிரே, அவள் நின்றாள். அண்ணன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முகத்தைத் திருப்பினான்.

"யாரது?" என்றான்.

அவள் அருகே போய் அவன் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றினாள். கையிலிருந்த ஆஸ்பத்திரிக் கடிதத்தை விரித்து, அந்த வெள்ளைத் தாளின் மேல் கண்ணாடியை வைத்து, அவன் மூக்குக்குக் கிட்டே பிடித்தாள். கிட்டே இருப்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு லென்ஸும் தாளின் மேல் இரண்டு கரும் ஓட்டையாக இருந்தன.

"நீதானே சொன்ன, உள்ள வந்தா தெளிஞ்சிடும்னு" என்றான் அண்ணன். குற்றம் சாட்டும் குரல் இல்லை. சின்னப் பிள்ளை கேட்பதுபோல் இருந்தது.

"வீட்டுக்குள்ள வந்தா தெளியும்னு சொன்னேன். ஐஸ்பெட்டிக்குள்ள போவேன்னு நீ எங்க சொன்ன?"

"நீ எங்க கேட்ட?"



அவனைக் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள். உடை மாற்றும் அறையில் அவனுடைய பழைய கண்ணாடி, ஒரு கால் உடைந்து பிளாஸ்திரி சுற்றியபடி, பூட்டிய பெட்டிக்குள் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு மறுபடி குளிருக்குள் போனான். அவள் வாசலில் நின்று நகத்தைக் கடித்தாள். கொஞ்ச நேரத்தில் வந்தான். முகமெல்லாம் சிவந்திருந்தது, குளிரினாலா அழுததினாலா என்று தெரியவில்லை.

"கடைசி அடுக்கு நம்பர் வரைக்கும் தெரியுது" என்றான். "ஒரு பூச்சி போனாகூடத் தெரியும்."

"இது கையில இருந்தும் ஏன் போட்டுப் பாக்கல?"

"நீ குடுத்ததைக் கழட்ட மாட்டேன்னு சொன்னேன்ல."

"லூசு" என்றாள் அவள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அண்ணிகிட்ட இன்னைக்கே சொல்லு, வேலை மாறினதை. நாளைக்கு எதையும் எழுதிக் குடுக்காத. நாலு மணிக்கு ஆஸ்பத்திரி, அதை விட முடியாது. அப்பாவுக்கு இருந்திருக்கு, வருஷா வருஷம் பாத்துக்கணும். இந்தக் கண்ணாடிய வெளிய போறப்ப மட்டும் போடு. உள்ள போடறதுக்கு சாதா லென்ஸ் நான் நாளைக்கே போட்டுத் தரேன். கிளம்பு, கிளம்பு, பஸ் போயிடும்."

காவலாளியின் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு நிழலில் கிடந்தது. அண்ணன் அதில் உட்கார்ந்து, ஜாக்கெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். கறுத்த கண்ணாடி அவன் பக்கத்தில் இருந்தது. அவள் அவனுக்கு முன்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

"கட்டில்ல இருந்து வாசலுக்குப் பதினோரு அடி" என்றான் அவன், யாரிடமோ சொல்வதுபோல். "வாசல்ல இருந்து அடுப்படி ஒன்பது. உங்க அண்ணியை எழுப்பாம தண்ணி குடிக்கப் பழகிட்டேன்."

"அண்ணி சொன்னாங்க."

"உன் வீட்டுப் படி பதினாலு. எட்டாவதுல வலது பக்கம் திரும்பணும். ஞாயித்துக்கிழமை ரெண்டு தடவை ஏறிப் பாத்துக்கிட்டேன். கண்ணு போச்சுன்னாலும் உன் வீட்டுக்கு வரணும்ல."

பம்பரம் நின்றாள். பிறகு அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மூன்று மணிப் பேருந்து முக்குத் திரும்பி வந்தது. காவலாளி கை காட்டி நிறுத்திவிட்டு, "ஏறுங்கம்மா" என்று கூப்பிட்டார். அவளால் உடனே எழுந்திருக்க முடியவில்லை.